வாயைத் திறந்ததும் அசைந்த எலும்பு

ஓசூரில் காது மருத்துவம் பார்க்கும் எனக்குத் தொழிற்சாலைக் காதுகள் பழக்கம். பெரும்பாலும் இரைச்சலில் மந்தமானவை. முருகேசன் வேறு மாதிரி. இல்லாத சத்தமும் அவருக்குக் கேட்டது.

பக்கத்திலுள்ள பேரிகை ஊர்க்காரர். ஓடும் கியர்பாக்ஸைக் காதால் கேட்டுச் சோதிக்கும் வேலை. கடலை மென்றுகொண்டே கேட்பார். ‘டக்’ என்றால் ரிஜெக்ட். பிரித்துப் பார்த்தால் எல்லாமே நல்ல பெட்டி. இனி ஒரு நல்ல பெட்டியை ஒதுக்கினாலும் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

“மெல்லும்போதெல்லாம் வலது காதுக்குள்ள டக்கு டக்குங்குது மேடம்.”

“பக்கத்துல உக்காந்தா எனக்கே கேக்குதுங்க” என்றார் மனைவி மஞ்சுளா.

“பேசாதீங்க, ஆடாதீங்க” என்று சொல்லி எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தேன். செவிப்பறை நன்றாக இருந்தது. காதுக்குழாயின் முன்சுவரில் லேசான மேடு, பலருக்கும் இருப்பதுதான். அடுத்த முறை வந்தபோதும் ஒன்றும் பிடிபடவில்லை.

மூன்றாம் முறை ஸ்கோப் உள்ளே இருக்கும்போதே மஞ்சுளா ஆரம்பித்தார். “கடலைய உடுன்னா உடறாரா மேடம்?”

“நீ சும்மா இருடி! உங்கப்பன் ஊட்டுக் கடலையா?”

திரையில் அந்த மேடு குழியானது. வாயை மூடினார், மறுபடி மேடு. எலும்பு அப்படி அசையாது.

“நிறுத்தாதீங்க, இன்னும் திட்டுங்க!” என்றேன்.

சிடி ஸ்கேனில் காரணம் தெரிந்தது. தாடை மூட்டுக்கும் காதுக்குழாய்க்கும் நடுவே உள்ள எலும்பில், குழந்தைப் பருவத்தில் மூடியிருக்க வேண்டிய சின்ன ஓட்டை மூடவே இல்லை. மூட்டின் சதை அதன் வழியே பிதுங்கி, மெல்லும்போதெல்லாம் உள்ளே போய்ப் போய் வந்தது; அதுதான் அந்த ‘டக்’.

“தாடை காதுக்குள்ள எட்டிப் பாக்குதுங்களா?”

“கிட்டத்தட்ட.”

மயக்கம் கொடுத்து, குழாயின் தோலைத் தூக்கி, சதையை உள்ளே தள்ளி, காது மடலில் எடுத்த குருத்தெலும்புத் துண்டால் ஓட்டையை அடைத்தேன். அது ஒட்டும்வரை நழுவக் கூடாது. அதனால் கஞ்சிதான், வாயை அகலமாகத் திறக்கவும் தடை.

“சண்டை போடலாமா?” என்றார் மஞ்சுளா.

“அவர் போடக் கூடாது.”

அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது மஞ்சுளாவின் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. “கலியாணமானதுல இருந்து இப்பத்தான் மேடம் ஒரு பேச்ச முழுசா பேசி முடிச்சேன்.”

காது ஆறியதும் வறுகடலை கொடுத்து மெல்லச் சொன்னேன். மூவரும் மூச்சைப் பிடித்துக் கேட்டோம். முருகேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. “கடலை நொறுங்கறது மட்டுந்தான் கேக்குது மேடம்.” வேலையும் தப்பித்தது.

இளம் டாக்டர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காதைப் பார்க்கும்போது வாயையும் திறந்து மூடச் சொல்லுங்கள். போன வாரம் ராயக்கோட்டைப் பெரியவர் ஒருவரிடம் அப்படிச் சொன்னேன். அவர் மெல்ல எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“மன்னிச்சுக்கோம்மா. காது டாக்டரு எந்த ரூமுங்க?”