பூட்டிவைத்த மிளகாய்ச் செடி

சிக்கிமில் ராவங்லா போகும் மலைச்சாலையில் மோமோ கடை வைத்திருக்கும் ஐதமாயா யாரையும் நம்பியவள் இல்லை. மிளகாய்ச் சட்னியை மேசையில் வைக்கவே மாட்டாள். தன் கையாலேயே தட்டில் ஒரு கரண்டி விடுவாள். இன்னொரு கரண்டி கேட்டால் கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பாள். அந்தச் சட்னிக்காகத்தான் ஜீப்புகள் அங்கே நின்றன. மோமோ சுமார்தான்.

சட்னியின் சங்கதி முழுக்க ஒரே செடியில் இருந்தது. கொல்லையில், எண்ணெய் டின்னில் நின்ற டல்லே மிளகாய்ச் செடி. கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக, சிவப்பாகக் காய்க்கும். அரைப்பதற்கு முன் ஒவ்வொரு பழத்தையும் பிளந்து விதையைத் தோண்டி அடுப்பில் போட்டுவிடுவாள். ஒரு விதை தப்பினாலும் ஊரெல்லாம் தன் சட்னி மணக்குமே என்ற பயம். நெடி தாங்காமல் கடையே இருமும். இருமட்டும் என்று விட்டுவிடுவாள்.

குளிர் வந்தால் அவள் கைப்பக்குவமே தனி. கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வேரில் வைக்கோல் போட்டு, வெயில் படும் சுவரோரம் டின்னை நகர்த்துவாள். பொழுது சாய்ந்தால் சாக்கு போர்த்திக் கட்டுவாள். தண்ணீர் மட்டும் மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான். அப்படித்தான் நாலு குளிர்காலத்தைத் தாண்டியிருந்தது செடி.

இந்த வருஷம் ஒரு காலையில் சாக்கின் முடிச்சு இடம் மாறியிருந்தது.

"நான் இந்தப் பக்கம்ல கட்டுவேன்? யாரோ அவுத்திருக்காங்க."

"காத்து அடிச்சிருக்கும்," என்றான் புருஷன் ஹர்க்கா.

"அடிச்ச காத்து திரும்ப முடிச்சும் போட்டுட்டுப் போச்சாக்கும்! எல்லாம் அந்த ஃபுர்கித் வேலை. சட்னி நல்லாருக்கு, நல்லாருக்குன்னு அவ சொல்றப்பவே நான் உஷாராயிருக்கணும்."

ஃபுர்கித் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி, லெப்சா இனத்துப் பெண். அன்றைக்கே ஐதமாயா டின்னைத் தூக்கிச் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டினாள். சாவி இடுப்பில். அறை இருட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. சூட்டில் மேல்மண் காய்ந்துகொண்டே இருந்தது, அவளும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"வெயில் காட்டு, செத்துரும்," என்றான் ஹர்க்கா.

"உங்களுக்கு அவ என்ன குடுத்தா?"

அவன் மாவு பிசையப் போய்விட்டான்.

இலை முழுக்க உதிர்ந்தது. ஒரு காலையில் அவள் நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்தாள். பச்சை இல்லை. இன்னும் கீழே கீறினாள். வேர்வரை அழுகியிருந்தது. விதை? எல்லாவற்றையும் அவளேதான் அடுப்பில் போட்டிருந்தாள். இனிக் கடைக்கு எவன் வருவான்? கொல்லையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

வேலியோரம் ஃபுர்கித் வந்து நின்றாள். கையில் ஒரு சின்ன டின், அதில் குச்சிச் செடி, நுனியில் பச்சைத் துளிர்.

"உன் செடியோட பிள்ளைதான் அக்கா. போன வருஷம் ஒரு பழம் திருடினேன்."

ஐதமாயாவுக்கு அழுகை சட்டென்று நின்றது. "கேட்டீங்களா!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "நான் சொன்னேனா இல்லையா!" இத்தனை நாளில் அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ஹர்க்கா பார்த்ததில்லை.

"அன்னிக்குச் சாக்கு அவுந்து கிடந்துச்சு. அதையும் நான்தான் கட்டினேன். இந்தா, பிடி."

ஐதமாயா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மிளகாயைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும். அங்கே யாரும் அப்படிக் கொடுப்பதில்லை.

"கீழ வை. எடுத்துக்கிறேன்."

"கீழ பூரா உறைபனி. இதையும் சாகடிக்கணுமா?"

"சண்டை வரும்டி."

"இதுவரைக்கும் என்ன, கொஞ்சிக்கிட்டா இருந்தோம்?"

ஐதமாயா இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். துளிரைத் தொட்டாள், தண்டைக் கீறிப் பார்த்தாள். பச்சை. கண் மறுபடி கலங்கியது. பிறகு மெதுவாக நிமிர்ந்து, வேலிக்கு மேலாக ஃபுர்கித்தின் ஜன்னலை எட்டிப் பார்த்தாள்.

"ஒரு பழத்துல எத்தனை விதை இருக்கும்னு எனக்குத் தெரியும். உன் வீட்டுல இன்னும் எத்தனை டின் வெச்சிருக்கே?"

ஃபுர்கித் நகர்ந்து ஜன்னலை மறைத்து நின்றாள். சண்டை அங்கேயே தொடங்கியது.