காது கேட்காத வாரம்

நீதிமன்ற வட்டாரத்தில் டைப்பிஸ்ட் அம்மாவைத் தெரியாதவர்கள் இல்லை. முப்பத்தோரு வருடம் தீர்ப்புகளைத் தட்டச்சு செய்தவர். ஓய்வுபெற்று, கணவரும் போன பிறகு, இரண்டறை வீட்டில் ஒருத்தர் தயவும் இல்லாமல் தனியாகவே காலம் தள்ளினார்.

எழுபத்தாறு வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது, காது மெஷின் உடைந்தது. பயந்துபோன மகன் அவரைத் தன் ஐந்தாம் மாடி வீட்டுக்குக் கூட்டி வந்தான். மெஷின் ரிப்பேருக்குப் போயிருந்த அதே வாரம் டாக்டரிடமும் அழைத்துப் போனான்.

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றாமல், "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். அம்மாவின் காதில் அது "என்ன நிலைமை" என்று விழுந்தது.

"முன்னைக்கு இப்ப தேவலை," என்றார்.

இப்படியே இன்னும் நாலு கேள்வி. பிறகு டாக்டர் மகன் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவுக்கு மறதி நோய், சொந்தமாக முடிவெடுக்க முடியாது என்று சான்றிதழ் எழுதினார். அதை வைத்து மகன் நீதிமன்றத்தில் மனுப்போட்டுப் பாதுகாவலன் ஆனான். அந்த மாதிரி உத்தரவுகளை அம்மாவே எத்தனையோ அடித்திருக்கிறார். யாரைப் பற்றிய உத்தரவோ அவரை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

மகனும் மருமகளும் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா சண்டை போட்டால், டாக்டரிடம் காட்டும் நோட்டில் மருமகள் 'கோபம் கூடுகிறது' என்று எழுதினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் 'பேச்சு குறைகிறது' என்று எழுதினாள். மெஷினை யாரும் கடையிலிருந்து வாங்கி வரவில்லை. மறதிக்காரிக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

ரத்த அழுத்தம் பார்க்க மாதம் ஒரு சனிக்கிழமை நர்ஸ் வருவாள். மூன்றாம் மாதம் அம்மா அவளிடம் ஒரு தாளை நீட்டி, கேள்விகளை எழுதிக் கேட்கச் சொன்னார். நர்ஸ் எழுதினாள். தேதி, கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. ஒரு கேள்வியில் விட்டுப்போயிருந்த ஒற்றெழுத்தையும் அம்மா போட்டுக் கொடுத்தார்.

நர்ஸ் மகனைக் கூப்பிட்டாள். "சார், அம்மாவுக்கு மறதியே இல்ல. காதுதான் கேக்கல."

அவன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தான். பிறகு அம்மாவின் காதருகே குனிந்து உரக்கச் சொன்னான்: "தெரியும்மா. ரெண்டு மாசமாவே தெரியும். உன்னைத் தனியா விட்டா எனக்கு ஆபீஸ்ல கை ஓடாது."

"உனக்குக் கை ஓடணும்னு நான் பூட்டுக்குள்ள கெடக்கணுமாடா?"

அடுத்த மாதம் நர்ஸ் கொண்டுவந்து கொடுத்த மறுபரிசீலனை மனுவில் அம்மா கையெழுத்துப் போட்டார். விசாரணைக்கு நான்கு மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். அதுவரை பழைய உத்தரவு செல்லும். மகன் இப்போது அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஆனாலும் தினமும் காலையில் பூட்டிக்கொண்டுதான் போகிறான்.