காலை எடுத்த பிறகும் உறுமிய கார்

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம்தான் என் கார் நின்ற இடத்தில் தானாக உறுமத் தொடங்கியது. வைட்ஃபீல்டிலிருக்கும் ஆபீசுக்குப் போகும் வழியில் நெரிசலில் பிரேக்கை மிதித்தபடி நிற்பேன். யாரோ ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதுபோல் எஞ்சின் கத்தும், அடங்கும், மறுபடி கத்தும். பக்கத்தில் பைக்கில் நிற்பவர்கள் திரும்பி முறைப்பார்கள்.

வீட்டில் சொன்னேன். கணவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "உன் காலு ஆக்ஸிலரேட்டர் மேலயே இருக்கும். உனக்கே தெரியாது" என்றார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமனார் தீர்ப்பே எழுதிவிட்டார். "எங்கயாவது கொண்டுபோய் இடிக்கறதுக்கு முன்னாடி வண்டிய இவன் எடுத்துக்கட்டும். நீ கேப்ல போம்மா." கல்யாணமாகி வந்த பிறகு எனக்கென்று இருந்தது அந்தக் காரும், அதற்குள் தனியாக இருக்கும் நேரமும்தான். அதைப் பிடுங்க ஓர் உறுமல் போதுமாயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவரைக் கீழே பார்க்கிங்குக்கு இழுத்துப் போனேன். வண்டியை ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் விட்டு, இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்த எஞ்சின் உர்ரென்று ஏறியது. "என் காலு எங்க இருக்குன்னு நல்லாப் பாருங்க" என்றேன். பார்த்தார். "அப்போ கீழ கெடக்கற மேட் பெடல்ல மாட்டியிருக்கும்" என்றார். மேட்டை உருவி வெளியே எறிந்தேன். எஞ்சின் கத்திக்கொண்டேதான் இருந்தது.

வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிய ஜோகுபாளையத்து மெக்கானிக் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "யாரு சார் ஓட்றது, மேடமா?" என்று கணவரைக் கேட்டு, விடை கிடைத்துவிட்டதுபோல் தலையாட்டினார். "மொதல்ல பானட்டத் தொறங்க. என் காலு அதுக்குள்ள இல்ல" என்றேன்.

பானட்டைத் தூக்கியதும் அடித்த நாற்றத்தில் மூன்று பேரும் பின்வாங்கினோம். எஞ்சின் ஓரத்தில் ஊறிப்போன பொரி, கறுத்து அழுகிய வாழைப்பழம், எலிப் புழுக்கை, நடுவே கந்தலும் பஞ்சுமாய் ஓர் எலிக்கூடு. எஞ்சின்தான் வண்டிக்கு உயிர், படையல் அங்கேதான் வைக்க வேண்டும் என்று பூஜையன்று மாமனார்தான் பொரியையும் பழத்தையும் வைத்தார். அன்றே எடுக்கக் கூடாது என்று பானட்டை மூடியதும் அவர்தான். தின்ன வந்த எலி, பக்கத்திலிருந்த ரப்பர் குழாயையும் கடித்து வைத்திருந்தது. மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு அந்த ஓட்டையை விரலால் அடைத்தார், எஞ்சின் அடங்கியது. விரலை எடுத்தார், உறுமியது. அந்த வழியாகக் காற்று புகுந்ததுதான் கோளாறு என்று அதையும் என் கணவரிடமே விளக்கினார்.

குழாயை மாற்றிக்கொண்டு வீடு திரும்பினோம். கணவர் தன் அப்பாவிடம் எலி, பொரி, நாற்றம் எல்லாவற்றையும் சொன்னார். தப்பு என் காலில் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. மாமனார் என் பக்கம் திரும்பி, "மறுநாள் படையல எடுத்து சுத்தம் பண்றது வீட்டுப் பொம்பளைங்க வேலதானம்மா? அதக்கூடப் பாக்க மாட்டியா?" என்றார்.

எலிக்கூட்டைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வரவில்லை. கணவர் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டேன். "நாளைக்கு ஆபீசுக்கு வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன்" என்றேன். அவர்களிடம் சம்மதம் கேட்கும் குரலில் அதைச் சொல்லவில்லை.