ராட்டினத்தடியில் ஆறு இரவுகள்

என் இடது காதுத் துளை வலது காதுத் துளையைவிட ஒரு நூல் கீழே இறங்கியிருக்கும். ஆசாரி வலது காதைக் குத்தி முடித்து, இடது காதில் ஊசியை வைத்த நேரத்தில் வாசலில் மாட்டு வண்டிச் சலங்கை கேட்டது. நான் தலையைத் திருப்பிவிட்டேன். வண்டியில் வந்து இறங்கியவர் என் தாய்மாமா, அம்மாவின் அண்ணன். கையில் சீர்த்தட்டு. அதில் எனக்குச் செய்த தோடு. தாய்மாமா மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். நானோ அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் மடியில் உட்கார்ந்திருந்தேன்.

வழியில் வண்டியின் கடையாணி கழன்றுவிட்டதாம். அது எங்களுக்குத் தெரியாது. அப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல நேரம் போயிரும்" என்று நாலைந்து முறை சொல்லிவிட்டு, கையில் கிடைத்தவரை உட்கார வைத்துவிட்டார். மாமா வாசலில் நின்று என்னைப் பார்த்தார், என்னை மடியில் வைத்திருந்தவரைப் பார்த்தார், தட்டோடு திரும்பி வண்டியில் ஏறிவிட்டார். அதன் பிறகு நாலு வருஷம் அப்பாவும் மாமாவும் பேசவில்லை. அம்மா பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. காது குத்தியபோது எனக்கு ஆறு வயது. இதெல்லாம் என் காதால் வந்த வினை என்று நினைத்துக்கொண்டு, யாராவது மாமா பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

என் தம்பிக்கு மூன்று வயதானபோது அம்மை போட்டு இறங்கியது. பிறந்த ஊர் மாரியம்மனுக்குப் பூப்போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். அந்த வருஷப் பங்குனியில் பூச்சொரிதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா கேட்டதும் அப்பா உடனே சரி என்று சொல்லவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் சொன்னார்.

"போவோம். பூவப் போட்டுட்டு ஆறு மணி பஸ்ஸுக்குத் திரும்பிரணும். எவன் வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது. காப்பு என்னிக்கு?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "எல்லா ஊருலயும் பூச்சொரிதல் முடிஞ்சுதானே காப்பு" என்றாள்.

அது உண்மைதான். எங்கள் ஊரில் பூச்சொரிந்து எட்டாம் நாள் காப்புக் கட்டுவார்கள். அந்தக் கணக்கிலேயே அப்பா இருந்தார். காப்புக் கட்டும் நேரத்தில் யார் அந்த ஊர் எல்லைக்குள் இருந்தாலும், அவிழ்க்கும் வரை இரவில் அங்கேதான் படுக்க வேண்டும். பகலில் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம், பொழுது சாய்ந்தால் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். மீறினால் வீட்டில் அம்மை விளையாடும் என்று பயப்படுவார்கள். அம்மைக்கு ஊர் ஊராகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த காலம் அது. அப்பா வேறு எதற்கும் பயப்பட்டு நான் பார்த்ததில்லை, இதற்குப் பயப்படுவார்.

அரிமளத்துப் பக்கமிருந்த எங்கள் ஊரிலிருந்து அங்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம். மாற்றுத் துணிகூட எடுத்துக்கொள்ளாமல் போனோம். பூப்போட்டுவிட்டுத் திரும்பும் வழியில், ஊருணிக்கரைப் பொட்டலில் ராட்டினம் நின்றது. கையால் சுற்றுகிற மர ராட்டினம், நான்கு தொட்டிகள். பக்கத்தில் ஒரு புளியமரம், அதன் அடியில் ராட்டினக்காரரின் கூடாரம். மனோரா கோபுரம் மாதிரி உயரமாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. ஏற வேண்டும் என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை, கேட்கிற பிள்ளையும் இல்லை. அம்மாதான், "பிள்ளை ஆசப்படுது, நானும் கூட ஏறிக்கிறேன்" என்றாள்.

"நீயா? பரணுல ஏறுனாலே தல சுத்துதும்ப?" என்றார் அப்பா.

"கண்ண மூடிக்கிறேன்."

அப்பா தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு, பஸ் வரும் சாலையைப் பார்த்து நின்றார். எங்கள் தொட்டிக்கு நேர் எதிர்த் தொட்டியில் ராட்டினக்காரர் இரண்டு மணல் மூட்டைகளைத் தூக்கி வைத்தார். எதிரும் புதிரும் எடை சமமாக இருந்தால்தான் சுற்ற முடியும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். ராட்டினம் கிரீச்சிட்டுக்கொண்டு கிளம்பியது. அம்மா கண்ணை மூடி என் கையை நெரித்தாள். மூன்று சுற்று போனதும் உச்சியில் கண்ணைத் திறந்தாள். கோயில் திசையைப் பார்த்தாள். அங்கே கூட்டம் கூடிக்கொண்டிருந்தது. பறைமேளம் மெதுவாகத் தொடங்கியது. கீழே வந்தபோது ராட்டினக்காரர் பிடித்து நிறுத்தப் போனார்.

"அண்ணே, இன்னொரு தடவ விடுங்க" என்றாள் அம்மா.

அந்தத் தடவை அவள் கண்ணை மூடவே இல்லை. மேளம் வேகமெடுத்து, குலவைச் சத்தம் எழுந்து, பட்டென்று நின்றது. அம்மா மூச்சை விட்டாள். என் கையிலிருந்த பிடி தளர்ந்தது.

நாங்கள் இறங்கவும் தண்டோராக்காரர் பொட்டலுக்கு வரவும் சரியாக இருந்தது. "காப்புக் கட்டியாச்சு சாமியோவ்! உள்ள இருக்கவுக உள்ளயே தங்கணும் சாமியோவ்!"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "என்னாடி இது?"

"இந்த ஊருல பூச்சொரிதலும் காப்பும் ஒரே நாளு போல" என்றாள் அம்மா.

"போலவா? நீ பொறந்த ஊருதானே?"

"நாலு வருஷம் ஆச்சுல்ல வந்து. மறந்து போச்சு."

சாலையில் பஸ் வந்து நின்று, எங்களுக்காகக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போனது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். மாமா வீடு கூப்பிடு தூரத்தில், மூன்றாவது தெருவில். அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"இந்தப் புளியமரத்தடியில கெடந்தாலும் கெடப்பேனே தவிர..." என்று ஆரம்பித்தார்.

ராட்டினக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "கெடங்களேன். எடம் நெறையாக் கெடக்கு. படுதா ஒண்ணு சும்மாத்தான் இருக்கு" என்றார்.

இப்படித்தான் நாங்கள் ராட்டினத்தடியில் குடியேறினோம்.

அப்பா அரிசி மில்லில் மெஷின் பார்க்கிறவர். காலையில் முதல் பஸ்ஸில் வேலைக்குப் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிடுவார். மறுநாளே வீட்டிலிருந்து துணிமணி, சட்டிபானை, என் பள்ளிக்கூடப் பை எல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். "கண்டக்டரு கேக்குறான், மாமியா வீட்டுக்கு விருந்தாடியான்னு. என்னத்தச் சொல்ல?" என்று சலித்துக்கொண்டார். அம்மா மூன்று கல் வைத்துச் சோறாக்கினாள். ஊருணியில் குளித்தோம். பையில் இருந்த புத்தகத்தை நான் ஒரு நாளும் எடுக்கவில்லை, யாரும் எடுக்கச் சொல்லவும் இல்லை.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு வாரம் பிறகு வரவில்லை. காலையில் ராட்டினக்காரர் அச்சுக்கு விளக்கெண்ணெய் விடுவார். விட்ட எண்ணெய் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒருவரை ஏற்றிச் சுற்ற வேண்டும். அந்த ஒருவர் நான். எதிர்த் தொட்டியில் ஒரு மூட்டை. பனி விலகாத நேரத்தில் உச்சிக்குப் போனால் கோயில் கூரை, ஊருணித் தண்ணீர், அதற்கப்பால் செம்மண் பாதை எல்லாம் தெரியும். யாரும் என்னைப் பேசச் சொல்லாத இடம் அது. கூட்டம் சேர்ந்த பிறகு வளையல் கடை, பயாஸ்கோப், ஏரோப்பிளேன் படுதாவுக்கு முன்னால் நிற்க வைத்து எடுக்கிற போட்டோக் கடை என்று ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்தே பார்ப்பேன். தம்பி பயாஸ்கோப்காரர் மடியிலேயே தூங்குவான்.

சாயங்காலத்தில் எடை குறைந்தால் ராட்டினக்காரர் அப்பாவைக் கூப்பிடுவார். "அண்ணே, ஒரு மூட்டை கொறையுது." படுதா கொடுத்த மனுஷராயிற்றே என்று அப்பாவும் போய் உட்காருவார். மில்லின் தவிட்டுத் தூசி தலையிலிருக்க, உர்ரென்ற முகத்தோடு அவர் மேலும் கீழும் போய்வருவதைப் பார்த்து அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

மாமா தினமும் கோயிலுக்கு அந்த வழியாகத்தான் போவார். நல்ல கனத்த உடம்பு. எங்களைப் பார்க்காமல் இருப்பதற்காக ராட்டினத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டே நடப்பார். ஒரு முறை கல் தடுக்கிக்கூட விட்டது.

மாமாவின் மனைவியான என் அத்தை, அப்பா பஸ் ஏறிய பிறகு கூழ்க்கலயத்தோடு வருவாள்.

"ஏன்டி, பொறந்த வீட்ட அங்கிட்டு வச்சுக்கிட்டு இங்கிட்டு கூடாரம் போட்டிருக்கியே, ஊரு சிரிக்குதுடி."

"சிரிக்கட்டும் மதினி. திருவிழாவுக்கு வந்தவுக அழுதுக்கிட்டா இருப்பாக?"

"ஒங்க அண்ணன் சரியா சாப்புடல. ஒம் மகனுக்கு எப்பக் காது குத்துன்னு சாடமாடையாக் கேக்குறாக. ஒன் வீட்டுக்காரவுக மில்லுக்குத்தானே போயிருக்காக, பகல்ல ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

அம்மா கூழைத் தம்பிக்கு ஊட்டிக்கொண்டே சொன்னாள். "திருட்டுத்தனமா எதுக்கு மதினி வரணும்? வந்தா ரெண்டு பேரும் முன்வாசல் வழியா வருவோம். இவன் காதும் அண்ணன் மடியிலதான் குத்தணும். இல்லாட்டி மொட்டக் காதோடயே இருக்கட்டும்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அம்மா இந்த ஏழு நாளை எதற்காகப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. புதன் போயிற்று, வியாழன் போயிற்று. ஞாயிறு மாலை காப்பு அவிழ்த்துவிடுவார்கள். வெள்ளி இரவு, படுதாவுக்குள் அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். ஒரே சிக்கை மூன்று தரம் வாரினாள்.

சனிக்கிழமை மில் பாதி நாள். வெயில் இருக்கும்போதே அப்பா வந்துவிட்டார். அதற்குச் சற்று முன்புதான் மாமா அத்தையோடு தன் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவள் அடம் பிடித்திருப்பாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தனியாக ஏற மாட்டேன் என்றாள். மாமாவும் ஏறினார். தொட்டி முனகியது. ராட்டினக்காரர் அதை உச்சிக்குத் தள்ளி நிறுத்திவிட்டு, கீழே வந்த எதிர்த் தொட்டியில் இரண்டு மூட்டைகளை வைத்துப் பார்த்தார். போதவில்லை.

"அண்ணே! நல்ல நேரத்துக்கு வந்தீங்க. ஏறுங்க" என்றார் அப்பாவைப் பார்த்து.

அப்பா அண்ணாந்து பார்க்கவில்லை. அம்மா அவர் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டாள்.

ராட்டினம் கால்வாசி சுற்றியபோது இருவரும் ஒரே உயரத்தில் எதிரெதிரே வந்தார்கள். அப்பா உடனே ஊருணியைப் பார்த்தார். மாமா தன் மகளின் ரிப்பனைச் சரிசெய்தார். அதற்குமேல் ஒன்றும் செய்வதற்கில்லை. மாமா மேலே போனால் அப்பா கீழே, அப்பா மேலே போனால் மாமா கீழே. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முகத்துக்கு முகம். நான் புளியமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நின்றபோது மாமாவின் தொட்டி தரையில் இருந்தது. அவர் மகள் குதித்து ஓடினாள். அப்பாவோடு பேசாமல் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில், ராட்டினக்காரர் சொல்வதற்கு முன்பே மாமாவும் காலை வெளியே வைத்துவிட்டார். தொட்டி விருட்டென்று மேலே எழும்ப, உச்சியிலிருந்த அப்பா ஒரு குலுங்கு குலுங்கினார்.

"எறங்காதீங்க! எறங்காதீங்க!" என்று ராட்டினக்காரர் கத்தினார்.

மாமா சட்டென்று தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி, தரைக்கு அழுத்தினார்.

உச்சியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "மச்சான், விட்டுறாதீங்க மச்சான்!"

நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. பொட்டலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா வேர்த்துப்போய், பிடியை விடாமல் மேலே பார்த்தார்.

"விடல மாப்ளே. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன்."

"கேளுங்க, கேளுங்க."

"ஒங்களுக்கு நல்ல நேரம் எதுவும் போயிறலையே?"

அத்தை கூட்டத்திலிருந்து, "ஆளு அந்தரத்துல நிக்கிறப்பத்தான் கேப்பாகளா?" என்றாள். அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது. அப்பா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். பிறகு, கத்தாமல், கீழே கேட்கிற அளவுக்கு மட்டும் சொன்னார்.

"நேரம் கெடக்கு மச்சான். நாளைக்கிப் பயலுக்குக் காது குத்தணும். நீங்க எப்ப வந்து ஒக்காருறீங்களோ அப்பத்தான் நேரம்."

மாமா தொட்டிக்குள் திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டார். "நீங்க சுத்துங்க தம்பி. மாப்ளைய மெதுவாக் கொண்டாந்து எறக்கிட்டு, நான் கடைசில எறங்குறேன்" என்றார்.

அன்று இரவு மாமா வீட்டில் சாப்பிட்டோம். முன்வாசல் வழியாகத்தான் போனோம். அப்பா வாசற்படியில் கால் கழுவ நின்றபோது அத்தை செம்பை நீட்டினாள், மாமா அதை வாங்கி அவரே தண்ணீர் ஊற்றினார். ஞாயிறு காலை கோயிலில் தம்பிக்கு மாமா மடியில் காது குத்தினார்கள். அவன் ஊரைக் கூட்டினான். அது முடிந்ததும் மாமா வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து என்னிடம் தந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் தட்டோடு திரும்பிப் போன தோடு. ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்தது, சின்னதாக இருந்தது. அதை அங்கேயே போட்டுக்கொண்டேன். இடது காதில் கொஞ்சம் கீழே தொங்கியது. "திரும்பிப் பாத்தியாத்தா அன்னிக்கி?" என்று கேட்டார் மாமா. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். ஊர் எல்லை தாண்டும்போது ஜன்னல் வழியாக ராட்டினத்தைப் பிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கிக் காப்புன்னு ஒனக்கு நெசமாவே தெரியாதா? மேளங்கூடவா கேக்கல?"

"ராட்டினத்துல பயந்துபோயி கண்ண இறுக்க மூடிக்கிட்டிருந்தேன். காது எங்க கேட்டுச்சு?" என்றாள் அம்மா.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கத்தில், அன்று தொட்டியில் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தேன். நான் வாய் திறக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். ஜன்னலில் வெயில் ஏறியது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.