கிளாஸுக்கு அடியில் ஒருத்தி

அந்தத் தெருவில் நாலு ஜூஸ் கடைகள் உண்டு. மற்ற மூன்றிலும் ஜூஸ் ஊற்றினால் ஜூஸ்தான் தெரியும். இந்தக் கடையில் மட்டும் ஜாடியைச் சாய்த்ததும் கிளாஸின் அடியிலிருந்து ஒரு வெளிச்சம் கிளம்பும். ஜூஸ் ஏற ஏற அதுவும் கூடவே ஏறும். நுரை விளிம்பைத் தொடும்போது கிளாஸ் முழுக்க ஒளிர்ந்து நிற்கும். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். எப்படி என்று கேட்டால், "பழம் ஃப்ரெஷ்ஷா இருந்தா வெளிச்சத்த நல்லா பிடிச்சுக்கும் சார்" என்பார் கடைக்காரர், முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல். பதினோரு வருஷமாக இந்தப் புளுகு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

உண்மை என்னவென்றால், கவுன்ட்டருக்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. பெட்டிக்குள் கடைக்காரரின் தங்கை இருந்தாள்.

கைக்கு அடக்கமாகப் பிறந்தவள். பொடிசு என்று கூப்பிட்டார்கள். வளர்ந்தால் பெயர் மாறிவிடும் என்று நினைத்தார்கள். அவளும் அதிகம் வளரவில்லை, பெயரும் மாறவில்லை. இப்போது வயது முப்பத்தாறு. வாயும் மூளையும் மட்டும் மற்றவர்களைவிட ஒரு பிடி அதிகம்.

கடை திறந்த முதல் வருஷம் அண்ணன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஜூஸ் கடை என்பதால் நிஜமாகவே ஓட்டினார். அப்போது ஒரு நாள் வீட்டில் கரண்ட் போனது. பொடிசு டார்ச்சை நிமிர்த்தி வைத்து, வெளிச்சம் கொஞ்சம் பரவட்டும் என்று அதன்மேல் எலுமிச்சை ஜூஸ் கிளாஸை வைத்தாள். வீடே திரும்பிப் பார்த்தது. அடுத்த வாரமே அண்ணன் கவுன்ட்டரில் வட்டமாக இரண்டு ஓட்டை போட்டு, மங்கலான கெட்டிக் கண்ணாடி பதித்து, கீழே பல்பு மாட்டிவிட்டார். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை.

"எரிஞ்சுக்கிட்டே இருந்தா எவன் பாப்பான்? ஊத்தும்போது கூடவே ஏறணும்" என்றாள் பொடிசு.

"யாரு ஏத்துறது?"

அந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "நான் ஏத்துறேன், ரெண்டு நாளைக்குத்தானே" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

பெட்டி மூன்றடி உயரம். உட்கார்ந்தால் தலைக்கும் பலகைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. தலைக்கு மேல் இரண்டு வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு பல்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபேன் ரெகுலேட்டர். மடியில் கலர் பேப்பர்கள். மேலே ஜூஸ் ஊற்றுவது அண்ணி. கரண்டியால் பலகையில் ஒரு தட்டு தட்டினால் ஆரஞ்சு, இரண்டு தட்டினால் திராட்சை, மூன்று மாதுளை, நாலு எலுமிச்சை. எந்தப் பக்கத்து வட்டம் என்பதைத் தட்டு விழும் இடத்தை வைத்துத் தெரிந்துகொள்வாள்.

சும்மா திருகுகிற வேலை என்று நினைத்தால் தப்பு. சிவப்பு ஜூஸுக்கு அடியில் சிவப்புப் பேப்பர் வைத்தால் தண்ணீர் கலந்த மாதிரி வெளுத்துப் போகும் என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மாதம் ஆனது. எலுமிச்சைக்கு லேசாகப் பச்சை காட்ட வேண்டும். கொஞ்சம் கூடினாலும் மருந்து மாதிரி ஆகிவிடும். திராட்சைதான் சண்டித்தனம் பண்ணும். விட்டால் மையாகக் கறுத்து நிற்கும். அதற்கு, வெளிச்சம் கூசாமலிருக்க பல்புக்கு மேல் விரித்திருக்கும் பட்டர் பேப்பரை விலக்கிவிட்டு, ஓரத்திலிருந்து மஞ்சள் வெளிச்சத்தை நுழைக்க வேண்டும். முதல் ஒரு விரல் ஜூஸ் இருட்டிலேயே விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் கையைத் திருப்ப வேண்டும். நுரை வரும்போது ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். கிளாஸை எடுக்கும்போது பட்டென்று அணைக்காமல், போய் வா என்று சொல்லி அனுப்புகிற மாதிரி மெதுவாக இறக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவளாலும் யாருக்கும் சொல்லித்தர முடியவில்லை. அண்ணி ஒரு நாள் முட்டி வலியோடு உள்ளே நுழைந்து முயன்று பார்த்தாள். அன்று கடையில் ஜூஸ் மின்னியது, அணைந்தது, மின்னியது. கரண்ட் பிரச்சினை என்று அண்ணன் சமாளித்தார்.

காலையில் ஷட்டர் திறக்குமுன் உள்ளே போனால், மதியம் ஷட்டரைப் பாதி இறக்கும்போது ஒரு மணி நேரம் வெளியே. பிறகு சாயங்காலம் வரை உள்ளேதான். ஒரு முறை பெட்டிக் கதவு தானாகத் திறந்து அவள் குதிகால் வெளியே தெரிந்துவிட்டது. "குழந்தை விளையாடுது" என்றார் அண்ணன். பித்தவெடிப்பு விட்ட குதிகாலைக் குழந்தையுடையது என்று நம்ப வாடிக்கையாளர் என்ன முட்டாளா? மறுநாள் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வந்தது. அவளைப் பூட்டத்தான் போட்டார் என்று சொன்னால் அண்ணன் அழுதுவிடுவார். பாசமான மனிதர். தங்கைக்கு வருஷத்துக்கு ஒன்று செய்வார். ஒரு வருஷம் மெத்தை, ஒரு வருஷம் குட்டி ஃபேன், ஒரு வருஷம் தலை இடிக்காமலிருக்க மேல் பலகைக்குப் பஞ்சு. வெளியே வா என்று மட்டும் ஒரு வருஷமும் சொன்னதில்லை.

காற்றுக்காகப் பெட்டியின் முன்பக்கத் தரையோரம் ஒரு நீளச் சந்து விட்டிருந்தார்கள். அதன் வழியாக அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள். நீல ரப்பர் செருப்பு வந்தால் ஆரஞ்சு. வெள்ளை கேன்வாஸ் ஜோடியாக வந்தால் ஒரே எலுமிச்சை, இரண்டு ஸ்ட்ரா. தினம் நாலு மணிக்கு வருகிற பழுப்பு ஷூவுக்கு மோதிரக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள், கிளாஸை எடுக்கும்போது அவர் மோதிரம் 'டொக்' என்று தட்டும் என்பதால். எப்போதும் வலது வட்டம், எப்போதும் திராட்சை, வேறு பேச்சே கிடையாது. கிளாஸ் நிறைந்ததும் மேலே "ஆஹா" என்று யாராவது சொல்வார்கள். அப்போது அவர்கள் முகம் எப்படி இருக்கும்? பதினோரு வருஷத்தில் ஒரு முகம்கூட அவள் பார்த்ததில்லை. அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

எதிர்ச்சாரியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அண்ணியின் கண்ணாடிக்குக் காது ஒடிந்துபோக, ஒரு மதியம் பொடிசு அதை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். வந்திருந்த ஒரு பெண் ஃப்ரேம் எதுவும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். பொடிசு சும்மா இருப்பாளா? "டியூப்லைட்டுக்கு நேரா நிக்காதீங்க. இப்படி ஜன்னல் பக்கம் திரும்புங்க" என்று அவளை அரை வட்டம் திருப்பிவிட்டாள். கண்ணாடியில் கூசிய வெளிச்சம் போய் அந்தப் பெண்ணின் கண்கள் தெரிந்தன. அவள் முதலில் பார்த்த ஃப்ரேமையே எடுத்துக்கொண்டு போனாள். கடைக்கார அம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஒரு ஆள் வேணும். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் முகம் பாக்குற வேலை. வரியாம்மா?"

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் பொடிசு.

"சனிக்கிழமை வரைக்கும் வச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது."

அண்ணன் கோபப்பட்டிருந்தால் அவள் சண்டை போட்டு ஜெயித்திருப்பாள். அவர் கோபப்படவில்லை. பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "நீ போயிட்டா கடைய மூட வேண்டியதுதான்" என்றார், குற்றம் சொல்கிற குரலில்கூட இல்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், அந்த மனிதரையும் சொல்ல வேண்டும், எங்கேயோ விசாரித்து ஒரு மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். எடை ஏற ஏற வெளிச்சம் ஏறுகிற மெஷின்.

"வெள்ளிக்கிழமை இடது வட்டத்துல இது, வலது வட்டத்துல நீ. இது நல்லா ஓடுச்சுன்னா நீ உன் இஷ்டம்போலப் போ. நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மெஷினை மாட்ட வந்த விற்பனைக்காரரிடம் பெட்டியைச் சாமான் அறை என்று சொல்லி வைத்தார்கள். மாட்டிவிட்டு அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பொடிசு உள்ளே போனாள். இருந்த இடத்தில் பாதியை மெஷின் பிடித்துக்கொண்டிருந்தது. முட்டியை மடக்கி, அதன் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்தாள். தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் கணக்கு சுலபமானது. மோசமாகச் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

செய்தாள். ஜூஸ் விழுமுன்பே வெளிச்சத்தை ஏற்றினாள். மாதுளைக்குச் சிவப்புப் பேப்பர் வைத்தாள். எலுமிச்சையைப் பச்சையில் முக்கினாள். மேலே அண்ணி இரண்டு முறை பலகையைக் கோபமாகத் தட்டினாள். சந்தின் வழியாகக் கால்கள் இடது பக்கம் நகர்வது தெரிந்தது. நீல ரப்பர் செருப்பு போனது. கேன்வாஸ் ஜோடியும் போனது. விற்பனைக்காரரின் குரல் உற்சாகமாகக் கேட்டது.

"உங்க பழைய மெஷின் எந்தக் கம்பெனி சார்?"

"வீட்டுத் தயாரிப்பு" என்றார் அண்ணன், ஈனஸ்வரத்தில்.

பொடிசுக்குச் சந்தோஷமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. பக்கத்தில் அந்த மெஷின் முதல் சொட்டிலேயே எரிய ஆரம்பித்தது. நுரைக்கு நிற்கவில்லை. கிளாஸைத் தூக்கியதும் பட்டென்று அணைந்தது. இதற்குப் போய்க் கூட்டமா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. போகட்டும், நாளைக்கு இந்நேரம் ஜன்னல் பக்கம் நின்று யார் முகத்தையோ திருப்பிக்கொண்டிருப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நாலு மணிக்குப் பழுப்பு ஷூ வந்தது. நேராக வலது வட்டத்துக்கு வந்து நின்றது. இரண்டு தட்டு.

அவள் ரெகுலேட்டரைத் தொடவே இல்லை. திராட்சை கறுப்பாக நிறைந்தது. மோதிரம் தட்டவில்லை.

"என்னம்மா, இன்னிக்கு என்னமோ மாதிரி இருக்கே?"

அந்தக் குரல் இத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை.

"அதே பழந்தாங்க. குடிச்சுப் பாருங்க" என்றாள் அண்ணி.

"குடிச்சா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ஆறு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதோட வாசனை, ருசி எல்லாம் போச்சு. எதத் தின்னாலும் அட்டையத் திங்கிற மாதிரி இருக்கும். இங்க வந்து இந்தக் கிளாஸப் பாக்கும்போது மட்டும் திராட்சை எப்படி இருக்கும்னு ஞாபகம் வரும். அதுக்குத்தான் தினம் வரேன்."

"சார், இந்தப் பக்கம் வாங்க, புது மெஷின்" என்று விற்பனைக்காரர் அழைத்தார். பழுப்பு ஷூ இடது பக்கம் போனது. ஜூஸ் விழுந்தது, மெஷின் எரிந்தது.

"இது விளக்கு. நான் கேக்குறது இது இல்ல" என்றார் அவர். ஷூ வலது பக்கம் திரும்பி வந்தது. "இன்னொரு கிளாஸ் ஊத்தும்மா. வரலேன்னா போயிடறேன்."

இரண்டு தட்டு.

பொடிசு கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு ஆள். இவர் போனால் நான் வெளியே. பதினோரு வருஷம் கொடுத்தாயிற்று, இவருக்கு ஞாபகம் வராவிட்டால் எனக்கென்ன? மேலே ஜாடி சாய்ந்தது. முதல் ஒரு விரல் இருட்டில் விழுந்தது. பட்டர் பேப்பரை விலக்கினாள். மஞ்சளை ஓரமாக நுழைத்தாள். கை தானாகச் செய்தது என்று பின்னால் தனக்கே சொல்லிப் பார்த்தாள். பொய். அவள்தான் செய்தாள், தெரிந்தேதான் செய்தாள். கறுப்பு ஊதாவாகி, ஊதா சிவந்து, நுரைக்கு ஒரு மூச்சு நின்று, கடைசியில் ஒரு இழை ஏறியது. பதினோரு வருஷத்தில் அவள் ஏற்றியதிலேயே நல்ல வெளிச்சம் அது. அவளுக்கே தெரிந்தது.

மேலே ஜாடி நிமிர்ந்தது. பிறகு டொக். பிறகு அந்த மனிதரிடமிருந்து ஒரு ஒலி வந்தது. சிரிப்பா, அழுகையா, பெட்டிக்குள் இருந்து சொல்ல முடியவில்லை. சந்தில் பார்த்தாள். இடது பக்கம் இருந்த கால்கள் ஒவ்வொன்றாக வலது பக்கம் வந்தன. நீல ரப்பர் செருப்பு முதலில் வந்தது.

சாயங்காலம் ஷட்டர் இறங்கியதும் அண்ணன் தாழ்ப்பாளைத் திறந்தார். முகமெல்லாம் பல்.

"பாத்தியா! அந்த மெஷின்காரன் வாயே திறக்கல. நாலு மணி வரைக்கும் உனக்கு உடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன். பெட்டிய அரையடி அகலமாக்கிடறேன், என்ன? இனிமே காலக்கூட நீட்டிக்கலாம்."

"அண்ணா, நாளைக்குச் சனிக்கிழமை."

"ஆமாமா, நாளைக்குக் கூட்டம் ஜாஸ்தி இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் மெஷினைக் கழற்றக் குனிந்தார்.

அவள் வெளியே வந்து முட்டியை நீவிக்கொண்டு நின்றாள். எதிர்க்கடையில் அந்த அம்மா ஃப்ரேம்களைத் துடைத்து ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணி ஜாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பொடிசு அவள் பக்கத்தில் போனாள்.

"அண்ணி, அந்த மோதிரக்காரர் ரெண்டாவது கிளாஸப் பாத்தப்போ மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

அண்ணி யோசித்தாள்.

"அவரு மூஞ்சிய யாருடி பாத்தா? நானும் கிளாஸத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இன்னிக்கு அவ்வளவு அழகா இருந்துச்சு."