குருசு வெள்ளி சரிந்துதான் வரும்

செயின்ட் ஹெலெனாத் தீவு என்றால் பிரான்சில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் ஒரே ஒரு ஆள்தான் நினைவுக்கு வருவார்: அங்கே சிறைவைக்கப்பட்டுச் செத்துப்போன சக்கரவர்த்தி. பத்து வயதில், வகுப்பில் பேசுவதற்கு எனக்கு அந்தத் தீவு கிடைத்தது. நான் சக்கரவர்த்தியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அவருக்கு வெகுகாலம் முன்பே, படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு, இருபது வயது ஆங்கிலேயன் ஒருவன் தொலைநோக்கியோடு அங்கே போயிருந்தான். ஐரோப்பாவில் தெரியாத தென்வானத்து நட்சத்திரங்களைக் குறித்துவர நினைத்தான். போன இடத்தில் ஓயாத முகில். அப்படியும் முந்நூற்றுச் சொச்சம் நட்சத்திரங்களோடுதான் ஊர் திரும்பினான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

லா ஷப்பலில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், சிலுவை வடிவில் நிற்கும் நான்கு தென்வானத்து நட்சத்திரங்களின் படத்தை நான் ஒட்டிக்கொண்டிருந்தேன். ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவப் புறப்பட்ட அப்பா எட்டிப் பார்த்தார்.

“இது எங்கடை குருசு வெள்ளியெல்லோ,” என்றார். மன்னாரில் கடலுக்குப் போனவர் அவர்.

மறுநாள் நான் பேசி முடித்ததும், இந்த நட்சத்திரங்களை நம்மில் யாரும் கண்டிருக்க மாட்டோம் என்றார் ஆசிரியை. என் வாய் சும்மா இருக்கவில்லை. என் அப்பா கண்டிருக்கிறார் என்றேன். பின்வரிசை சிரித்தது. ஆசிரியை சிரிக்காமல், அவரை அழைத்து வா என்றார். அப்பா வராவிட்டால் நான் புளுகி. வந்தால் அவருடைய பிரெஞ்சைக் கேட்டுப் பின்வரிசை இன்னும் சிரிக்கும்.

அப்பா வந்தார். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் சட்டையோடு. பேச்சில்லாமல் சோக்கை எடுத்துக் கரும்பலகையில் குருசை வரைந்தார். அது இடப்பக்கம் விழுந்துவிடும்போலச் சரிந்து கிடந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோவிலில் நிமிர்ந்து நிற்கும் சிலுவையைத்தான் எனக்குத் தெரியும். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, ஓடிப்போய் அழித்துவிட்டு நேராக வரைந்தேன்.

அப்பா கோபிக்கவில்லை. “இல்லைப் பிள்ளை. உதிக்கேக்கை சரிஞ்சுதான் வரும். நிமிந்து நிண்டா அதுதான் நேர் தெற்கு,” என்று மறுபடி சரித்தே வரைந்தார்.

நான் அரைமனதோடு மொழிபெயர்த்தேன். ஆசிரியை அலுமாரியிலிருந்து நட்சத்திர உருண்டையை எடுத்து வைத்து மெல்லச் சுழற்றினார். அடிவான வளையத்துக்கு மேலே குருசு சரிந்தே எழுந்தது. சுழலச் சுழல நிமிர்ந்தது. அவர்தான் முதலில் கைதட்டினார். பிறகு பின்வரிசையும் தட்டியது. அன்றைக்கு எனக்கு வந்த பெருமை, பின்னால் நான் வாங்கிய எந்தப் பட்டத்துக்கும் வரவில்லை.

இந்த வெள்ளியைப் பார்த்துத்தான் படகு விடுவீர்களா என்று ஒருத்தி கேட்டாள். அப்பா கையிலிருந்த சோக்கைக் கீழே வைத்தார்.

“ஒருக்கா, இடது தோளுக்குப் பின்னாலை வச்சுக்கொண்டு போனனான். திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு.”

வழிகாட்டும் நட்சத்திரத்தை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு போன மனிதர் என்று வகுப்பு சிரித்தது. மொழிபெயர்த்த நானும் சேர்ந்து சிரித்தேன். அப்பாவும் சிரித்துவைத்தார்.

அந்த ‘ஒருக்கா’, அம்மாவையும் அவர் மடியில் கைக்குழந்தையாகக் கிடந்த அண்ணாவையும் ஏற்றிக்கொண்டு, சண்டைக்குத் தப்பி, விளக்கில்லாமல் இராமேஸ்வரத்துக்குப் படகு விட்ட இரவு என்று எனக்கு யாரும் அப்போது சொல்லியிருக்கவில்லை.