நீலக் கோடு வளைந்த இடம்

கண்ணால் பார்ப்பதை மட்டும் வரைய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு நாள் எல்லார் முன்னாலும் இல்லாததை வரைந்தார். அது சரியா, தவறா? எனக்கே இப்போது ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இன்னும் பதில் தெரியவில்லை.

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது, புதுக்கோட்டையில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஓர் ஓவியர் குடிவந்தார். சென்னையில் ஓவியம் படித்தவர், கல்யாணம் ஆகாதவர், ஸ்கூட்டியில் போகிறவர் என்பதால் தெருவில் அவரைப் பற்றிப் பேச்சுக்குக் குறைவில்லை. பிள்ளைகள் நாங்கள் அவரை 'டிராயிங் அக்கா' என்போம். ஞாயிறு காலைகளில் விருப்பப்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள்ளேயே நடப்பார். பேங்க்கில் வேலை பார்ப்பவர்கள், டீச்சர்கள், எங்களைப் போன்ற பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். ஒரு வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மரங்கள், இன்னொரு வாரம் குளத்துக்கு வரும் பறவைகள். போய் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை வரைய வேண்டும்.

"மனசுல இருக்குற எலையப் போடாத. மரத்துல இருக்குற எலையப் போடு" என்பார் அக்கா.

அப்பாவுக்கு இதில் பெரிய மதிப்பில்லை. "நம்ம ஊரச் சுத்திப் பாக்க நமக்கே ஒரு கைடா?" என்று சிரிப்பார். பெண்பிள்ளை நாலு விஷயம் தெரிந்துகொள்ளட்டும் என்று அம்மாதான் அனுப்பிவைப்பார்.

அந்த ஞாயிறு ஒரு வாய்க்காலைத் தேடிப் போனோம். மேலே இருக்கும் குளம் நிறைந்தால் தண்ணீர் கீழே இருக்கும் குளத்துக்குப் போக முன்பு ஒரு வழி இருந்ததாம். இப்போது அதைக் காணவில்லை. அது எங்கே ஓடியது என்று நடந்தே கண்டுபிடித்து, அந்த வழியெல்லாம் நீலக் கோலப்பொடி தூவ வேண்டும் என்றார் அக்கா. கோலம் போட்டுப் பழகிய கை என்று பொடிப் பையை என்னிடம் கொடுத்தார்.

குளக்கரையில் பாதி புதைந்து கிடந்த மதகில் ஆரம்பித்தோம். ஒர்க் ஷாப் ஒன்றின் பக்கத்தில், அடியில் எதுவும் ஓடாத ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டினால் காட்டாமணக்கு மண்டிய காலி மனை. மேலே கேபிள் ஒயரில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது.

"மீனே இல்லாத எடத்துல இதுக்கு என்ன வேலை?" என்று அக்கா கேட்டார்.

"அட்ரஸ் மாறி வந்துருச்சு போல" என்றார் பேங்க் சார்.

"அதுக்குப் பழைய அட்ரஸ்தான் சார் தெரியும்."

பள்ளத்தைப் பார்த்துப் பார்த்துப் பொடி தூவிக்கொண்டே போனேன். தலை நிமிர்ந்தால் எதிரே எங்கள் வீடு! ஊரில் இத்தனை வீடு இருக்க, வாய்க்கால் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கேட்டைத் திறந்து, படியேறி, ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் காலடியில் புகுந்து, கிரைண்டரைச் சுற்றி, அடுப்படி வரைக்கும் கோடு போட்டேன்.

"அடியே, என்னடி இது?" என்று கரண்டியோடு ஓடிவந்தார் அம்மா.

"வாய்க்கா நம்ம வீட்டுக்குள்ளதாம்மா போகுது!"

அப்பா எழுந்து வாசலுக்கு வந்தார். கூட்டத்தில் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரும் மனைவியோடு நின்றிருந்தார். அப்பாவுக்கு அவரைத் தெரியும். எங்கள் வீட்டுக்குப் பட்டா கிடையாது என்பதும், யாராவது ஒரு புகார் கொடுத்தால் வீடே போய்விடும் என்பதும் எனக்குத்தான் தெரியாது.

"வீடு எப்ப சார் கட்டுனது?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அது ஆச்சுங்க, ரொம்ப வருசம்" என்றார் அப்பா.

அம்மா ஈரத்துணியால் ஹாலைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே, "எல்லாரும் உள்ள வாங்க, காப்பி சாப்ட்டுப் போகலாம்" என்றார். யாரும் உள்ளே வரவில்லை.

டிராயிங் அக்கா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

"பாப்பா தப்பாப் போட்டுட்டா. வாய்க்கா இங்கிட்டு வளஞ்சுல்ல போயிருக்கும்" என்று சொல்லி, எங்கள் கேட்டுக்கு முன்னால் கோட்டைத் திருப்பித் தெருவோரமாகக் கொண்டுபோனார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இல்லக்கா! அங்கிட்டு மேடு. எங்க வீடுதான் பள்ளம். ஒவ்வொரு மழைக்கும் எங்க அடுப்படியிலதான் தண்ணி வரும். அப்பா அடுப்பத் தூக்கிக் கட்டில் மேல வைப்பாங்க. வேணும்னா எங்கம்மாகிட்ட கேளுங்க!"

யாரும் அம்மாவைக் கேட்கவில்லை.

"புள்ள வெளையாட்டுக்குச் சொல்லுது" என்று அப்பா சிரிக்கப் பார்த்தார்.

அளவை ஆபீஸ் சார் தெருவின் சரிவைப் பார்த்தார். எங்கள் வாசலைப் பார்த்தார். "வளஞ்சுதான் போயிருக்கும். வாங்க, வெயில் ஏறுது" என்று அந்தக் கோட்டின் மேல் முதல் ஆளாக நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "வீட்டு விசயத்த வெளிய சொல்லக் கூடாது ஆத்தா" என்றார், அவ்வளவுதான். மழைத் தண்ணீர் எப்படி வீட்டு விஷயம் ஆகும் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. நடை முடிந்து அக்காவே வீட்டுக்கு வந்தார்.

"என்ன, கோவமா?"

"நீங்க பொய்யாப் போட்டீங்க."

"ஆமா" என்றார்.

அதுவரை அவரை வாசலோடு பேசி அனுப்பிய அம்மா, அன்று கையைப் பிடித்துச் சாப்பிட உட்காரவைத்தார். அப்பா மார்க்கெட்டுக்குப் போய் மீமிசல் கடல்மீன் வாங்கி வந்தார். பெரிய துண்டுகளாகப் பார்த்து அக்காவின் தட்டில் வைத்தார்கள். பொய் சொன்னவருக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று முறைத்துக்கொண்டே நான் சாப்பிட்டேன். அவர் எங்கள் வீட்டைக் காப்பாற்றியிருக்கிறார் என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

அதே வீட்டில்தான் இப்போதும் இருக்கிறோம். பட்டா இன்னும் வரவில்லை. எனக்குக் கல்யாணமான பிறகு தரையை உயர்த்திக் கட்டினோம். எங்கள் அடுப்படிக்குத் தண்ணீர் வருவது நின்றது. அது பின்தெரு வீட்டுக்குள் போக ஆரம்பித்தது. போன மழையில் அந்த வீட்டுப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாளியில் தண்ணீரை இறைத்து ஊற்றியதை மாடியிலிருந்து பார்த்தேன். இறங்கிப் போய் உதவியிருக்கலாம். போனால் பேச்சு எங்கள் தரைக்கு வருமோ என்று நின்றுவிட்டேன்.

இப்போது வேறொரு இளம் ஓவியர் இந்த நடைகளை நடத்துகிறார். வருகிற ஞாயிறு பழைய வாய்க்கால் தேடும் நடை என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. மகள் போக வேண்டும் என்கிறாள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. மேடு பள்ளம் எல்லாம் கண்டுபிடித்துவிடுவாள்.

தெருப் பெயரை எழுதவில்லை, தவறாக நினைக்க வேண்டாம். அவளை அனுப்பட்டுமா? அனுப்புவதற்கு முன்னால் பின்தெருப் பெண்ணிடம் நான் போய்ப் பேச வேண்டுமா? பேசுவதென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? பிள்ளை வளர்த்தவர்களும், எங்களைப் போலக் குடியிருப்பவர்களும் எனக்குச் சொல்லுங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கு முன்னால்.